கோத்தகிரிக் குளிரில் ஓர் ஆப்பிரிக்க ஆமைக்கு வீடு

கோவையில் ஆமை வளர்ப்பவர்களைக் கேட்டால், ஒரு பெரிய டப், கொஞ்சம் மண், பகலில் மொட்டைமாடி வெயில், இது போதும் என்பார்கள். அங்கே ஓரளவுக்கு அப்படி ஓட்டிவிடலாம். கோத்தகிரியில் முடியாது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கத்து மலையில்தான் கொட்டித் தீர்க்கும். துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும்.

இந்தக் குளிர்ந்த ஈரம்தான் ஆமைக்கு ஆகாதது. வளர்ந்த ஆமை காய்ந்த குளிரைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். சூட்டோடு சேர்ந்த ஈரம் குட்டி ஆமைக்கு அவசியமே. ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால் மூக்கில் நீர் வடியத் தொடங்கி நுரையீரலில் போய் நிற்கும். ஆமைக்கு இருமத் தெரியாது. உள்ளே சேர்ந்த சளியை வெளியே தள்ள வழியே இல்லை. மலையில் ஆமைக்கு இடம் அமைக்கிறவர் பலகை வாங்குவதிலிருந்து பல்ப் மாட்டுவது வரை இந்த ஒன்றை நினைவில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

பொட்டு எங்களிடம் வந்தது என் தங்கை குடும்பம் துபாய்க்குக் குடிபோனதால். உள்ளங்கைக்குள் அடங்கும், சல்காட்டா என்னும் ஆப்பிரிக்கத் தரையாமைக் குட்டி. "அக்கா, வேற யார்கிட்டயும் குடுக்க மனசில்ல. நீதான் பாத்துக்கணும்" என்று தங்கை போனில் அழுதாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உடனே கொண்டுவர வேண்டாம், இடம் தயாரான பிறகு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். புதிதாக ஆமை எடுக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெட்டி, பல்ப், சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் எல்லாம் பொருத்தி, சில நாள் இரவும் பகலும் வெறும் பெட்டியை ஓடவிட்டு, வெப்பநிலை நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே உயிர் உள்ளே போக வேண்டும்.

பெட்டிக்கு முன்னால் காகிதம். நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டுயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் 2019-இல் அதைத் தன் முதல் இணைப்புக்கு ஏற்றிவிட்டது. மேட்டுப்பாளையம் அடிவாரத்திலோ மசினகுடிப் பக்கத்துப் புதர்க்காட்டிலோ சாலையைக் கடக்கும் ஆமையைப் பார்த்தால், அது போகிற திசையிலேயே ஓரமாக விட்டுவிட்டு நகர வேண்டும். "பாவம், அடிபட்டுவிடும்" என்று வீட்டுக்குத் தூக்கிவரக் கூடாது. சல்காட்டா வெளிநாட்டு இனம். சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட பூமி அதன் சொந்த ஊர். சைட்டிஸ் இரண்டாம் இணைப்பில் இருப்பதால் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்; கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். தங்கை பதிவு செய்திருந்தாள். என் பெயருக்கு மாற்றும் வேலையைப் பெட்டி செய்யக் கொடுத்த கையோடு தொடங்கிவிட்டேன். பதிவுத் தாள் காட்டாத கடையில் வாங்காதீர்கள் என்று என் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் சொல்லிவருகிறேன்.

இனி பெட்டி.

திறந்த டப் மலையில் உதவாது. மேலே போடுகிற சூடெல்லாம் கூரைக்குப் போய்விடும். பல்பை எவ்வளவு கூட்டினாலும் ஆமையின் முதுகு காய்ந்து வயிறு குளிரும். நான்கு பக்கமும் மேலேயும் மூடிய பெட்டிதான் சரி. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஆசாரியிடம் போனேன். எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் கதவும் ஜன்னலும் அவர் கைபட்டதுதான்.

"சில்வர் ஓக் பலகையே நம்மகிட்ட கிடக்குதுங்க டீச்சர். அதுலயே பண்ணிரலாமே?"

"உள்ள நாள் முழுக்க முப்பது டிகிரி சூடும் ஆவியும் இருக்கும்ணா. தாங்குமா?"

அவர் கொஞ்ச நேரம் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "தாங்காதுங்க. முறுக்கிக்கும். மெரைன் பிளை போடுங்க. செலவு கூடும், ஆனா பத்து வருசத்துக்குக் கேக்காது."

அவர் சொன்னதே சரி. 18 மில்லிமீட்டர் மெரைன் பிளை, உள்பக்கம் முழுக்க எப்பாக்ஸி பூச்சு, மூலைகளில் சிலிக்கான். பூச்சின் வாடை முழுக்கப் போகும்வரை பெட்டியைத் திறந்தே வைத்திருந்தோம். அந்த வாடை மூடிய பெட்டிக்குள் ஆமையின் மூச்சுக்கு ஆகாது. முன்பக்கம் நகர்த்தித் திறக்கும் கண்ணாடி. அதற்குக் கீழே ஐந்து அங்குலம் பலகை. பலகை இல்லாமல் கண்ணாடி தரைவரை இறங்கினால், அந்தப் பக்கம் போக வழி இருக்கிறதென்று நம்பிக் குட்டி நாள் முழுக்கக் கண்ணாடியை முட்டிக்கொண்டே நடக்கும். பெட்டியின் அடியிலும் பின்புறமும் ஓரங்குல தெர்மாகோல் ஒட்டி, அதன் மேல் மெல்லிய பிளை அடித்தோம். எங்கள் வீட்டு சிமென்ட் தரை மழைக்காலத்தில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சில்லென்று இருக்கும். அதனால் பெட்டியைத் தரையில் வைக்காமல், முழங்கால் உயர மேசை ஒன்றின் மேல், உள்சுவர் ஓரமாக வைத்தோம். வெளிச்சுவர் ஓரம் வேண்டாம். மலைவீட்டு வெளிச்சுவர் மழையில் ஊறி உள்ளே குளிரைக் கசியவிடும்.

சூட்டுக்கு இரண்டு, புற ஊதாக் கதிருக்கு ஒன்று என மூன்று விளக்குகள் வேண்டும், மூன்றும் மேலிருந்து. தரைக்கடியில் போடும் ஹீட்டிங் பேட் ஆமைக்குப் பொருந்தாது. வெயில் மேலிருந்து வரும் என்றுதான் அதன் உடம்புக்குத் தெரியும். வயிற்றுப்பக்கம் சுடுவதை உணர்ந்து விலகிக்கொள்ள அதற்கு அவ்வளவாக வராது, வெந்துபோகும்.

ஒரு கோடியில் வெயில்காயும் இடம்: 75 வாட் ஹாலோஜன் பல்ப், டைமரில் பன்னிரண்டு மணி நேரம். அதன் நேர்கீழே தட்டையான ஒரு கல். கல்லின் மேல், ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் 35 முதல் 38 டிகிரி வர வேண்டும். எதிர்க்கோடி 26, 27-இல் நிற்கட்டும். சூடு வேண்டும்போது இங்கேயும் போதும் என்னும்போது அங்கேயும் போய்க்கொள்வது ஆமையின் வேலை. நம் வேலை இரண்டையும் வைத்துக் கொடுப்பது. நடுவில் 100 வாட் செராமிக் ஹீட்டர். அது வெளிச்சம் தராது, சூடு மட்டும் தரும். அதனால் இரவில் ஆமையின் தூக்கம் கெடாது. இதைத் தெர்மோஸ்டாட்டில் இணைத்து 27-இல் வைத்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் தேடி அலைய வேண்டாம்: கோழிமுட்டை பொரிக்கும் இன்குபேட்டரில் போடுகிற டிஜிட்டல் கருவியே போதும், கோவை எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். அதன் உணர்முனையை ஆமை நடமாடும் உயரத்தில் கட்டுங்கள். கூரையில் ஒட்டினால் மேலே 27 காட்டும், கீழே 22 இருக்கும்.

செராமிக் ஹீட்டருக்குப் பீங்கான் ஹோல்டர் கட்டாயம். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், தீப்பிடிக்கும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக்கூடு, கூரையிலிருந்து தொங்கச் சங்கிலி. மரப்பெட்டி, ஈரம், மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒயரிங்கை எலெக்ட்ரீசியனிடமே விடுங்கள், கசிவு வந்தால் தானாக அணைக்கிற டிரிப்பரும் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, புற ஊதா பி கதிர் தரும் யூவிபி விளக்கு. இதைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய பேச்சே நடந்தது. நீலகிரிப் பழைய வீடுகளில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட வராண்டா இருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அத்தை அங்கேதான் உட்கார்ந்து காலையில் வெயில் காய்வார். "வராண்டால வெச்சா நாளெல்லாம் வெயில் அடிக்குமே கண்ணு. எதுக்கு இத்தனை காசு குடுத்து ஒரு ட்யூப்லைட்டு?" என்றார். நியாயமான கேள்வி. கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். ஆனால் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஆமையின் தோல் வைட்டமின் டி3 தயாரிக்க அந்தக் கதிர்தான் வேண்டும். டி3 இல்லையென்றால் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. ஓடு மெத்தென்று ஆகும், கால்கள் வளையும், கடைசியில் நடக்கவே முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்கிற ஆமை சூடாக இருக்கும், நன்றாகச் சாப்பிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருப்பது பல மாதம் வெளியே தெரியாது. பாலிகார்பனேட் ஷீட்டும் இப்படியே தடுக்கும். இதை விளக்கிச் சொன்னதும் அத்தை தலையாட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதை விளக்குவது அவர்தான்.

விளக்கில் சுருள் பல்ப் வேண்டாம். அதன் கதிர் ஒரு புள்ளியில் மட்டும் விழும். பெட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் டி5 என்னும் மெல்லிய குழல்விளக்கு, 12 சதவீத யூவிபி வகை, ஆமையின் முதுகிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். வெயில்காயும் கல்லின் மேலும் அதன் ஒளி விழ வேண்டும். மறுகோடியில் நிழலும் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் தேய்ந்துபோயிருக்கும். மாற்றிய தேதியை விளக்கின் பட்டையிலேயே பேனாவால் எழுதிவைத்துவிட்டால் மறக்காது.

சல்காட்டா பாலைவன விளிம்பின் ஆமை, அதனால் காய்ந்த இடம்தான் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஊரில் அவை வெயில் நேரம் முழுக்க மண்ணுக்குள் தோண்டிய வளையில் கிடக்கும். வளைக்குள் காற்று ஈரமானது. காய்ந்த பெட்டியில் வளரும் குட்டியின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கோபுரமாக மேலே எழும்பிவிடும்; பிறகு எதைச் செய்தாலும் அது சமமாகாது. தீனியில் புரதம் கூடினால் அப்படி ஆகும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2003-இல் வீஸ்னர், ஐபென் என்ற இரு ஆய்வாளர்கள் சல்காட்டா குட்டிகளையே வளர்த்துப் பார்த்து, காற்றின் ஈரப்பதம்தான் பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறியது என்று காட்டினார்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கட்டும். அதோடு 26 டிகிரிக்குக் கீழே எந்த மூலையும் போகாமல் இருக்கட்டும். இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது. ஹீட்டர் வேலை செய்யாத இரவில் அதே 80 சதவீத ஈரம் குட்டியைக் கொன்றுவிடும்.

ஈரத்தைப் பிடித்து வைப்பது தரையில் போடும் தேங்காய்நார்த்தூள். பொள்ளாச்சியிலிருந்து வரும் 5 கிலோ கட்டிகள் நர்சரிகளில் கிடைக்கும். சில கட்டிகளில் உப்பு அதிகம் இருக்கும். ஊறவைத்து, நீரை வடித்து, மறுபடி ஊறவைத்து அலசிக்கொள்ள வேண்டும். பதம் முக்கியம். புட்டுக்கு மாவு பிசிறுகிற மாதிரி, கையில் பிடித்தால் பிடிபட்டு, அழுத்தினால் உதிர வேண்டும். நான்கு அங்குல உயரம் போட்டு உள்ளங்கையால் அமுக்கிவிடுங்கள். தூளாக விட்டால் கண்ணிலும் தீனியிலும் ஒட்டும். வாரம் ஒருமுறை மேலே தெளிக்காமல், நான்கு மூலைகளிலும் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுகிறேன். நீர் அடியில் பரவி அடுக்கு ஈரமாகும், மேல்பரப்பு தொட்டால் காய்ந்தே இருக்கும். மேல்பரப்பு சொதசொதவென்று இருந்தால் வயிற்று ஓட்டில் அழுகல் வரும். ஆற்றுமணல் வேண்டவே வேண்டாம். தீனியோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும். செய்தித்தாள் வழுக்கும், வளர்கிற குட்டியின் கால்மூட்டு பிசகும்.

ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் குளிர்ந்த கோடியில் கவிழ்த்துப் பாதி புதைத்தேன். இன்னொன்று சூடான பக்கத்தில். தண்ணீருக்குப் பூந்தொட்டியின் அடியில் வைக்கும் மண் தட்டு. அதைத் தரைமட்டத்துக்குப் புதைத்துவிட்டால் குட்டி தானாக ஏறி இறங்கும். பக்கம் உயர்ந்த கிண்ணத்தில் கவிழ்ந்து விழுந்தால் அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும்.

பொட்டுவைக் கோவையிலிருந்து கொண்டுவந்தது ஒரு தெர்மாகோல் பெட்டியில், பழைய டர்க்கி டவல் சுற்றி, ஓரத்தில் வெந்நீர்ப் பை வைத்து. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேற ஏறக் காற்று குளிரும்; கார் கண்ணாடியை ஏற்றியே வந்தோம். பெட்டிக்குள் விட்டதும் பூந்தொட்டிக்குள் போனதுதான், வெளியே வரவில்லை. புது இடத்துக்கு வந்த ஆமை சில நாள் அப்படித்தான் இருக்கும். எடுத்து எடுத்துப் பார்க்காமல், தீனியையும் தண்ணீரையும் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். என் மகனுக்கு அது பெரிய சோதனையாக இருந்தது. பிறகு ஒரு காலை நேரம் ஹாலோஜன் எரியத் தொடங்கியதும் தொட்டிக்குள்ளிருந்து மெல்ல மூக்கு வந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு நேராகக் கல்லை நோக்கி நடந்தது. ஏறி உட்கார்ந்து, கழுத்தை முழுக்க வெளியே நீட்டித் தாடையைக் கல்லில் வைத்தது. அப்புறம் ஒவ்வொரு காலாக வெளியே விட்டது. கடைசியில் பின்னங்கால் இரண்டும் பின்னால் நீண்டு, உள்ளங்கால் கூரையைப் பார்த்துக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஆமைக்கு இடம் பிடித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. மகனும் நானும் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தை மறந்து நின்றோம்.

குட்டிக்குத் தினமும் குளியல் உண்டு. மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் கோடுவரை வெதுவெதுப்பான நீர், கால்மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கோத்தகிரிக் காலையில் நீர் சட்டென்று ஆறிவிடும். அதனால் குளிக்கும் பாத்திரத்தை இன்னொரு பெரிய வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைக்கிறேன். இறங்கியதும் பொட்டு முகம் முழுக்கத் தண்ணீருக்குள் விட்டு, தொண்டை துடிக்கத் துடிக்கக் குடிக்கும். குளியலில்தான் அது கழிவையும் விடும். சிறுநீரோடு வெள்ளையாகக் குழம்புப் பதத்தில் வந்தால் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறது. மணல்மணலாக நெருடினால் நீர் குறைந்திருக்கிறது, குளியலைக் கூட்ட வேண்டும். துடைத்து ஈரம் போன பிறகே பெட்டிக்குத் திரும்பும். பிறகு என் கையும் மகன் கையும் சோப்பு போட்டுக் கழுவியாக வேண்டும். ஆமைகளிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், பார்த்தால் தெரியாது.

தீனி விஷயத்தில் மலை நமக்குக் கொடுத்து வைத்தது. எங்கள் புல்தரையெல்லாம் கிக்கியு புல். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்து நீலகிரி முழுக்கப் பரவிய புல் அது. சல்காட்டாவுக்கு முக்கால்வாசித் தீனி புல்லாகவே இருக்க வேண்டும், குட்டிக்குப் பொடியாக நறுக்கித் தர வேண்டும். கூடவே செம்பருத்தி இலை, மல்பெரி இலை, சரிவுகளில் தானாகப் படரும் நஸ்டர்ஷியத்தின் இலையும் பூவும், அடிவாரத்திலிருந்து கொண்டுவந்த சப்பாத்திக்கள்ளி மட்டையை முள் சீவி நறுக்கியது. சுண்ணாம்புச்சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். கணவாயின் ஓடு அது. ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுவைத்தால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தார் பாசத்தோடு கேரட்டும் முட்டைகோஸும் கொண்டுவருவார்கள். நன்றி சொல்லி வாங்கிச் சாம்பாரில் போட்டுவிடுங்கள். பழம், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். இதன் குடல் நார் செரிக்கப் பிறந்தது.

புல்லை எங்கே அறுக்கிறோம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். தேயிலைத் தோட்ட ஓரங்களில் களைக்கொல்லி அடிப்பார்கள், காய்கறித் தோட்ட வரப்புகளில் பூச்சிமருந்து. எங்கள் வேலிக்குள் வளர்வதைத் தவிர வேறெதையும் நான் அறுப்பதில்லை. வேலிக்குள்ளும் உண்ணிச்செடி, அரளி, அசேலியா, ஹைட்ரேஞ்சியா, ஓடையோரம் பூக்கும் ஆரம் லில்லி, ஊமத்தையின் உறவான தொங்கும் மணிப்பூ மரம், பெரணி எல்லாம் விஷம். நீலகிரித் தோட்டங்களின் அழகே இவைதான் என்பதால் சொல்கிறேன், ஆமை நடமாடும் இடத்தில் ஒன்றுகூட வேண்டாம். எங்கள் ஹைட்ரேஞ்சியாவை அத்தை மனமில்லாமல்தான் வாசல்பக்கம் மாற்ற விட்டார்.

வெயில் தெளிந்த நாளில் பொட்டு வெளியே போகும். மலைவெயிலில் புற ஊதாக் கதிர் கீழ்நாட்டைவிட வலுவானது. எந்த விளக்கும் அதற்கு ஈடில்லை. புல் காய்ந்து, நிழலில் 22 டிகிரி தாண்டிய பிறகு, செங்கல் அடுக்கிய சின்னத் தொட்டியில் விடுகிறோம். ஒரு பக்கம் நிழல் கட்டாயம். மேலே கம்பிவலை கட்டாயம், ஏனென்றால் காக்கை குட்டியின் கண்ணைத்தான் முதலில் கொத்தும். கீரியும் தெருநாயும் வலையைக் கிளப்பப் பார்க்கும். கரடி முற்றம்வரை வருகிற ஊர் எங்களுடையது. அதனால் யாராவது பக்கத்தில் இல்லாமல் விடுவதில்லை. மதியம் தாண்டிப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கினால், அது புல்லைத் தொடும்முன் உள்ளே கொண்டுபோய்விட வேண்டும்.

மின்தடைக்குத் தயாராக இல்லாதவர் மலையில் ஆமை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பருவமழையில் மரம் விழும், மண் சரியும், இரவு முழுக்கக் கரண்ட் வராது. எங்கள் இன்வர்ட்டரில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குப்படி 1,800 வாட்-மணி. நஷ்டம் போக மூன்றில் இரண்டு பங்கு நம்பலாம். 100 வாட் செராமிக் ஹீட்டரை மட்டும் அதில் இணைத்தால் ஓர் இரவு ஓடிவிடும். ஹாலோஜனையும் யூவிபியையும் இணைக்க வேண்டாம். ஆமை வெளிச்சமில்லாமல் இரண்டு நாள் இருந்துவிடும், சூடில்லாமல் இருக்காது. பேட்டரியும் தீர்ந்தால் கேஸ் அடுப்பில் நீர் கொதிக்க வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பைகளோடு அந்தத் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, மூடியில் காற்றுக்கு ஓட்டை விட்டு வைக்கலாம். ஓர் ஐப்பசி இரவு முழுக்க நானும் கணவரும் முறைவைத்துப் பை மாற்றியிருக்கிறோம். விடியும்போதும் பெட்டிக்குள் 26 காட்டியது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: குளிருக்கு மூட்டும் கரி அடுப்பை ஆமை இருக்கும் அறையில் வைப்பது. அதன் புகையும் கார்பன் மோனாக்சைடும் ஆமைக்கும் ஆபத்து, மூடிய அறையில் தூங்குகிற மனிதருக்கும் ஆபத்து.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுகிறேன். எடை ஏறாமல் நின்றாலோ, மூக்கில் குமிழ் வந்தாலோ, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினாலோ அன்றே டாக்டர். மலையில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் அரிது. கோவையில் ஒருவரை முன்கூட்டியே பார்த்து, எண் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி, புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். யார் ஊசி போட வந்தாலும் மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு அனுமதியுங்கள்.

இந்தப் பெட்டி பொட்டுவுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் காணும். உலகில் சல்காட்டாவைவிடப் பெரிய தரையாமைகள் இரண்டே. கலாபகோஸ் தீவிலும் அல்டாப்ராத் தீவிலும் இருப்பவை. இது 50 கிலோ தாண்டும், எழுபது வருடத்துக்கு மேல் வாழும், பல அடி ஆழத்துக்கு வளை தோண்டும். ஆணா பெண்ணா என்பதே ஓடு ஓரடிக்கு மேல் வளர்ந்த பிறகுதான் தெரியும். அந்த அளவில் குளிர்காலம் முழுக்கச் சூடாக்கிய அறை ஒன்றே அதற்கு வேண்டும். யாராவது கோத்தகிரியில், ஊட்டியில், கொடைக்கானலில் புதிதாக சல்காட்டா வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட உயிருக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பொட்டு வளர்ந்ததும் காரமடைப் பக்கம் கணவரின் அண்ணன் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. வேலிக்கல் நடும்போதே அந்த மூலையில் மட்டும் சுவரின் அஸ்திவாரத்தை இரண்டடிக்குமேல் ஆழமாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன், தோண்டி வெளியேறாமல் இருக்க. மைத்துனர் சரி என்று சொல்லிவிட்டார். பதிவை அவர் பெயருக்கு மாற்ற வேண்டிய தாள்களும் பொட்டுவின் எடை நோட்டும் ஒரே கோப்பில் இருக்கின்றன.